கடற்பக்கத்து ஓடுகள்

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கட்டட வேலையில் தலை நரைத்த எங்களுக்கு நிலைபேறான செயற்றிட்ட முகாமைத்துவம் படிப்பித்தார்கள். பெயர்தான் வாய்க்குள் அடங்காது, விஷயம் சின்னது. புதிதாக வெட்டாதே, கிடப்பதைத் திரும்பப் பாவித்துக்கொள், தண்ணீரை வீணாக்காதே, அந்த இடத்துச் சனத்தைக் கேட்டுச் செய். படிப்பித்த இளைஞர், இதில் ஒன்றையாவது முன்பே செய்து பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். நான் உயர்த்தினேன். எங்கே, எப்போது என்று ஆசையாகக் கேட்டார். நெடுந்தீவில், தொண்ணூறுக்குப் பிறகு என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நெடுந்தீவில் அப்போது நான் ஓவசியர். கட்டட வேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகம். மேற்பார்க்க வேலை இருந்தால்தானே? சண்டையால் தீவில் பாதிச் சனம் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கடல் கடந்தும் போய்விட்டது. சீமெந்து என்ற சாமானைக் கண்ணால் கண்டு நெடுநாள். ஒரு பை கொண்டுவரவேண்டுமானால் எத்தனை மேசையில் எத்தனை கையெழுத்து என்று நினைத்தாலே எனக்கு இரத்தம் கொதிக்கும். நான் அப்போதெல்லாம் சட்டென்று கோபம் வருகிற ஆள். இப்போதும் பெரிதாகத் திருந்திவிடவில்லை.

அந்த நிலைமையிலும் ஒரு அறை கட்டியே தீரவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பிள்ளைப்பேற்றுக்கான அறை. அதற்கு முந்திய மாரியில், பிரசவ நோவு கண்ட ஒரு பெண்ணை வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக எண்ணம். வாடைக்காற்றில் கடல் விடவில்லை, வள்ளம் பாதி வழியில் திரும்பிவிட்டது. இறங்குதுறையில் நான் நின்றேன். ஒரே சேலையால் தாயையும் பிள்ளையையும் முகம்வரை மூடி இறக்கினார்கள். அந்தச் சேலையின் கரை மஞ்சள் நிறம். அடுத்த வருடம் என் மனைவி கர்ப்பமானாள். மருத்துவிச்சி நாள் பார்த்துச் சொன்ன மாதம் கார்த்திகை. கார்த்திகை என்றால் நடு மாரி.

சீமெந்து இல்லை என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குக் கடற்கரையில் பவளப் பாறையான முருகைக்கல் வெட்டுவது ஊரின் வழக்கம். நான் விடவில்லை. கரையில் கல்லை வெட்டினால் கடல் உள்ளே வரும், கடல் உள்ளே வந்தால் கிணறு உவராகும். ஏற்கெனவே நல்ல தண்ணீர்க் கிணறு விரல்விட்டு எண்ணக்கூடிய தீவு அது. இடிந்து விழுந்த மதில்களின் கல்லை மட்டும் பொறுக்கிச் சூளை வைத்தோம். பனை ஒன்றுகூடத் தறிக்கவில்லை. சுவர் நனைக்கிற தண்ணீரைச் சனம் அள்ளி முடித்த பிறகுதான் அள்ளினோம், அதுவும் கிணறு ஊறுகிற அளவுக்குத்தான். கூரைக்கு வேண்டிய மரமும் ஓடும் ஆளில்லாத வீடுகளிலிருந்து. சொந்தக்காரரிடம் கடிதம் வாங்கியே எடுப்பது, எடுத்த ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் கரியால் வீட்டின் அடையாளமும் வரிசை இலக்கமும் எழுதுவது, அவர்கள் திரும்பி வந்தால் அதே ஓட்டை அதே வரிசையில் போட்டுக்கொடுப்பது. இதெல்லாம் யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வேறு வழியில்லாததால் வந்த அறிவு. வேலையைப் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கூரை வேலை ஐப்பசிக்குள் முடியவேண்டும் என்று அதில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

ஆளில்லாத வீடுகளுக்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது. பயமாக இருந்தது. ஒரு குசினியில் அம்மியிலே அரைத்த கூட்டு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. குழவியைத் தள்ளி வைக்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. இன்னொரு வீட்டில் முன்கதவைத் தள்ளியபோது உள்ளிருந்து ஏதோ மூச்சு விட்டது. நான் பின்னால் பாய்ந்துவிட்டேன். தீவில் அலைகிற கட்டைக் குதிரை ஒன்று வெயிலுக்கு உள்ளே போய் நின்றிருக்கிறது. அது என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் வெளியே வருகிற மாதிரி வாசற்படியால் ஆறுதலாக இறங்கிப் போனது. சிரிக்கவேண்டிய விஷயம்தான், எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓட்டைக் கழற்றக் கழற்ற அறைக்குள் வெளிச்சம் துண்டு துண்டாக விழும். அந்த அறைகளுக்கு மேலிருந்து வெளிச்சம் வந்து பழக்கமில்லை. அலுமாரியும் கதிரையும் திடீரென்று பகலுக்குள் வந்து நிற்பதைப் பார்க்க, நாங்கள் செய்யக்கூடாத எதையோ செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றும்.

என்னோடு வேலை செய்த மேசன் அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். வாய் பேசாத மனிதர், கை பேசும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் படலையடியில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிடுவார். கொஞ்சநேரம் நிற்பார். இரண்டாம் தரம் கூப்பிடுவார். வெற்றிலை போட்டுச் சப்பிவிட்டு மூன்றாம் தரம். பிறகுதான் "நாங்கள் வாறம்" என்று சொல்லிப் படலையைத் திறப்பார். உள்ளே ஒருவரும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் நிற்கும்போது நாங்களும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்போம். பதில் வராதது ஒவ்வொரு முறையும் ஒரு ஆறுதல்.

மூன்று தரம் ஏன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உச்சி வெயிலில் வீட்டுக்குள் இருக்கும்போது வெளியே யாரோ கூப்பிட்டால் முதல் கூப்பிடுதலுக்கு "ஏன்" என்று கேட்கக்கூடாது. இரண்டாவதுக்கும் கேட்கக்கூடாது. மனிதரில்லாதது மூன்று தரம் கூப்பிடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். படித்து உத்தியோகம் பார்த்த பிறகும், தனியாக இருக்கும்போது மூன்றாவதுக்குக் காத்திருந்துதான் எழும்பியிருக்கிறேன்.

ஐப்பசி முடிகிற நேரத்திலும் எங்கள் கூரையில் ஒரு சரிவு வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாள் காலையில் மேற்கே கருமுகில் ஏறுவதைப் பார்த்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. படலைக்குப் படலை நின்று வெற்றிலை சப்பினால் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் கூரை வரும் என்று மேசன் அண்ணையை ஏசினேன். இனி ஒரு தரம் கூப்பிட்டால் போதும், உள்ளே போகலாம் என்று கட்டளை போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆரும் இருந்தா?" என்றார்.

இருந்தால் ஒரு தரத்திலேயே கேட்கும்தானே, காது இல்லாத வீட்டுக்கா போகிறோம் என்று நான் நக்கலாகச் சொன்னேன். அந்தக் கூப்பிடுதல் செத்தவர்களுக்கும் போனவர்களுக்கும் செய்கிற மரியாதை என்று நான் எண்ணியிருந்தேன். அது இருக்கிறவர்களுக்கு என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

அன்றைக்குப் போன வீடு மேற்குக் கரையில் கடைசி வீடு. சுற்றிலும் ஓலைக் குடிசைகள், எல்லாம் ஆளில்லாமல் சரிந்து கிடந்தன. இது ஒன்றுதான் ஓட்டுவீடு. சொந்தக்காரர் வவுனியாவிலிருந்து கடிதம் எழுதியிருந்தார், ஒருவரும் இல்லை, தாராளமாக எடுங்கள் என்று. கிணற்றடியில் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அது நனைந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அடுப்புப் புகை இல்லை, முற்றத்தில் சருகு. மேசன் அண்ணை படலையடியில் நின்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டார். குரல் வழமையைவிட மெல்லியதாக இருந்தது. நான் படலையைத் தள்ளினேன்.

கடற்பக்கத்துச் சரிவில் தொடங்கினோம், வண்டில் நிறுத்த அந்தப் பக்கம்தான் வசதி. மேசன் அண்ணை மேலே, நான் கீழே இலக்கம் எழுத, இரண்டு பேர் வண்டிலில் ஏற்ற. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் பேசவில்லை. ஓடு கைமாறும் சத்தமும் தூரத்தில் கல்லில் அலை அடிக்கும் சத்தமும்தான். முதல் வண்டில் போய்விட்டது. இரண்டாவது வண்டிலும் நிறைந்து வரும் நேரத்தில் மேலேயிருந்து ஓடு வருவது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மேசன் அண்ணை குனிந்தபடி கைமரங்களுக்கு இடையால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல இறங்கி வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார்.

"உள்ளுக்கு ஆள் இருக்கு," என்றார்.

மற்ற இருவரும் வண்டிலடிக்குப் போய்விட்டார்கள். நான்தான் உள்ளே போனேன். போகாமல் இருக்க ஓவசியருக்கு முடியாது. நடு அறையின் மூலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து விழுந்த வெயில் கிட்ட வந்திருந்தது, அது படாமல் காலை இழுத்து வைத்திருந்தார். கையில் செபமாலை. கண் என் மேல்தான், ஆனால் இமைக்கவில்லை. நான் "அக்கா" என்றேன். அசைவில்லை. "அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றேன். அப்போதும் இல்லை. ஓடிவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன். மூன்றாம் தரம் "அக்கா" என்றபோது அவருடைய உதடு அசைந்தது.

"ஏன்?" என்றார்.

பிறகு மூச்சு விட்டார். அந்த மூச்சை நான் மறக்கவில்லை.

"ஒருக்காத்தான் கூப்பிட்டுது. அங்கால கேக்கேல்லை. பிறகு கூரையில ஏறிச்சுது. என்னைத் தேடித்தான் உடைச்சுக்கொண்டு வருகுது எண்டு நினைச்சன்."

நான் அவரைப் பேய் என்று நினைத்துக்கொண்டு நின்றதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், கடிதத்தைக் காட்டினேன். அது தான் வர முன்பே தன் தமையன் எழுதியது, வீடு தனக்குத் தந்த சீதனம் என்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போவது எனக்குத் தெரியாதா என்ன? ஆண் எழுதித் தந்ததும் கேள்வி கேட்காமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அவர் இரண்டு கிழமைக்கு முன்தான் வவுனியாவிலிருந்து தனியாக வந்திருக்கிறார். தனியே ஒரு பெண் இருப்பது வெளியே தெரியவேண்டாம் என்று பகலில் அடுப்பு மூட்டுவதில்லை, முற்றம் கூட்டுவதில்லை, விடிய முன் தண்ணீர் அள்ளிவிடுவது. இதெல்லாம் நாங்கள் வீடு வெறுமை என்று கண்டுகொள்கிற அடையாளங்கள்.

முற்றத்துக்கு வந்து மேலே பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"கடல் பக்கத்தையோ எடுத்தனீங்கள்?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கணவர் மீன்பிடிக்கப் போய் எட்டு மாதம். இயந்திரம் நின்று வள்ளம் இழுபட்டு இராமேசுவரம் பக்கம் போய்விட்டது. அங்கே அவரைக் கண்டவர் ஒருவர் வவுனியாவில் வந்து சொல்லியிருக்கிறார், வள்ளத்தைத் திருத்திக்கொண்டு மாரி இறுக முன் வந்துவிடுவார் என்று. அதுதான் அக்கா இங்கே ஓடி வந்தது. வீட்டுக்கு முன்னால் கடலில் நீளமாகக் கல்லுப் பார், தண்ணீருக்குள் பாறைத்திட்டு. அதில் வள்ளம் நுழைகிற வாய் ஒன்றுதான். கடலில் நின்று பார்த்தால் கரை முழுக்கப் பனையும் ஓலையும் ஒரே நிறம். இந்தச் சிவப்பு ஓட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் வாய்க்குள் இறங்கலாம். இருபது வருடமாகக் கணவர் அப்படித்தான் கரை பிடிக்கிறவர்.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

மேசன் அண்ணை உடனே சொன்னார், ஏற்றினதை இறக்குவோம், பொழுது படமுன் போட்டுவிடலாம் என்று. எனக்குக் கோபம் வந்தது. அவருடைய மனைவியா வயிற்றோடு இருக்கிறாள்? மேற்கே முகில் கறுத்துக்கொண்டு நின்றது. இந்த ஓட்டை விட்டால் இன்னொரு வீட்டுக்குக் கடிதம் வரக் கிழமைகள் ஆகும். நான் அந்த அக்காவிடம் பிள்ளைப்பேற்று அறையைப் பற்றியும் என் மனைவியைப் பற்றியும் சொன்னேன். போன மாரியில் வள்ளத்தில் போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இரண்டே இரண்டு நாள் தாருங்கள், கிழக்குப் பக்கம் இடிந்த மடத்து ஓட்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஓட்டைத் திருப்பித் தருகிறேன், அதுவரைக்கும் ஓலையால் மூடிவிடுகிறோம் என்றேன்.

"ஓலை கடலுக்குத் தெரியாது தம்பி," என்றார்.

பிறகு, "உம்மட மனுசிக்கு எப்ப?" என்று கேட்டார்.

நாள் நெருங்கிவிட்டது என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கடல் அப்போது தட்டையாகத்தான் கிடந்தது.

"சரி. ரெண்டு நாள். மூண்டாம் நாள் வைக்கோணும்."

ஓம் என்றேன். எட்டு மாதம் வராத ஆள் இந்த இரண்டு நாளிலா வரப்போகிறார் என்று என் மனம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஓடுகளை அறைக்கு மேல் போட மேசன் அண்ணை கை வைக்கவில்லை. கோபித்துப் போகவும் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கீழேயே நின்றார். நானே ஏறி வரிசை வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் என் கையெழுத்தில் இலக்கம். இரண்டாம் நாள் பின்னேரம் கூரை முடிந்தது. அன்றே மழை தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மழை. வண்டில்கள் வரவில்லை. மடத்து ஓடு பாதிக்கு மேல் உடைந்தது என்று ஆள் வந்து சொன்னார். நாலாம் நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. நான் நினைத்திருந்தால் போயிருக்கலாம். ஒரு சரிவு ஓட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு கூடையாகத் தலையில் சுமந்தாவது கொண்டுபோயிருக்கலாம். மூடித் தருவதாகச் சொன்ன ஓலையையாவது கொண்டுபோய் அவருடைய முகத்தைப் பார்த்திருக்கலாம். மனைவி என் நடமாட்டத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். மழை என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் எனக்கு மேற்குக் கரை மறந்துபோகும். படுத்தால் நினைவு வரும். காற்று ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்டால், யாரோ ஏறுகிறார்கள் என்று எழும்பி உட்கார்ந்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் காலையில் மனைவிக்கு நோவு கண்டது. அறைக்குள் ஒரு துளி தண்ணீர் ஒழுகவில்லை. மருத்துவிச்சி மேலே பார்த்து, இந்த மழைக்கு இப்படிக் காய்ந்த இடம் தீவிலேயே இல்லை என்று சொன்னார். மத்தியானத்துக்குள் மகள் பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அதற்காக வெட்கப்படவில்லை, இன்றைக்கும் இல்லை.

ஆறாம் நாள் மழை விட்டது. விடியவே மேசன் அண்ணை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மேற்குக் கரையில ஒரு வள்ளம் கிடக்குதாம்," என்றார்.

இருவரும் போனோம். மதில்களுக்கு நடுவிலே போகிற ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றது. நாங்கள் நடக்கும் சத்தம் இரண்டு பக்கமும் தட்டித் திரும்பி, பின்னால் ஆட்கள் வருகிற மாதிரி இருந்தது. நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். மேசன் அண்ணை பார்க்கவில்லை.

வள்ளம் வாயிலிருந்து கொஞ்சம் தெற்கே, கல்லுப் பாரில் குப்புறக் கிடந்தது. முன்பக்கமான அணியம் பிளந்துபோயிருந்தது. ஆள் இல்லை, வலை இல்லை, ஒன்றுமில்லை. அது எப்போது வந்தது, கல்லில் மோதியதா, நடுக்கடலில் வேறு ஏதும் நடந்து வெறும் வள்ளமாக ஒதுங்கியதா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கடலில் எதுவும் நடக்கும். அந்த அக்கா முழங்கால் தண்ணீரில் வள்ளத்தடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. கரையில் நான்கைந்து பேர் தள்ளி நின்றார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை.

வள்ளத்தின் பின்பக்கத்தில் ஓர் இடத்தில் தகரம் வைத்து ஆணி அடித்து ஒட்டுப் போட்டிருந்தது. அவர் அந்தத் தகரத்தைத் தடவினார். ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். அந்த ஆணி எங்கே எங்கே இருக்கும் என்று பார்க்காமலே விரல் போனது. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்கட வள்ளம் இல்லை," என்றார்.

அவர் கரைக்கு ஏறி எனக்கு முன்னால் வந்து நின்றார். ஏசுவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்று நான் நின்றேன். அப்படிச் செய்திருந்தால் நல்லது.

"உம்மட மனுசிக்குப் பிறந்திட்டுதோ?"

ஓம், பெண் பிள்ளை என்றேன். சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன்.

"அப்ப இனி ஓட்டைக் கொண்டு வாரும். அவர் வரேக்குள்ள தெரியவேணும்."

அன்றே கழற்றினோம். மனைவியையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறப்பு அறையின் அந்தச் சரிவை ஓலையால் மூடினோம். மேசன் அண்ணை இம்முறை முதல் ஆளாகக் கூரையில் ஏறினார். பின்னேரம் இரண்டு வண்டிலும் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. மேசன் அண்ணை படலையடியில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவதுக்கு உள்ளேயிருந்து "ஏன்" என்று குரல் வந்தது.

அந்த அக்கா முற்றத்தில் நின்று ஓட்டைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்து எனக்கு எடுத்துத் தந்தார், நான் மேலே கொடுத்தேன். ஓர் ஓடுகூட வரிசை மாறவில்லை. என் முறை அவ்வளவு நன்றாக வேலை செய்தது. பொழுது படமுன் கூரை பழையபடி சிவப்பாக நின்றது. அறைக்குள் நனைந்த பாய் சுருட்டி வைத்திருந்தது. ஐந்து நாளும் அவர் மறுபக்கச் சரிவின் கீழ் ஒரு முழ அகலத்தில் இருந்திருக்கிறார்.

அந்த வள்ளம் அங்கேயே கிடந்தது. நல்ல பலகை. எங்கள் அறைக்குக் கதவு இல்லை. சொந்தக்காரர் இல்லாத பலகை எங்கள் வேலைக்குத்தான் என்று கரையில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். மேசன் அண்ணை பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். கதவுக்குப் பதிலாகச் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டோம்.

அடுத்த மாசி, பங்குனி போல, முகட்டோட்டுப் பூச்சு வெடித்ததா என்று பார்க்க அங்கே போனேன். பூச்சு ஒரு சாட்டு. போகாமல் இருக்க முடியவில்லை, போகவும் கால் வரவில்லை, அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. அந்த அக்கா வெள்ளை உடுக்கவில்லை. கோயிலில் கணவருக்குப் பூசை சொல்லவில்லை. முற்றம் கூட்டிக் கிடந்தது, குசினியில் புகை வந்தது. அறிந்தவர்கள் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. வள்ளத்தில் கடல் கொண்டுபோனது போக எஞ்சியிருந்த பின்பக்கத்தை யாரோ இழுத்துத் தாழைக்குக் கீழே வைத்திருந்தார்கள். யார் என்று நானும் கேட்கவில்லை.

எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். சிரிக்கிறாளா, குப்புறப் படுக்கிறாளா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு எத்தனை மாதம் என்றார்.

"நாலு மாதம் அக்கா."

அவர் கடலில் வள்ளம் கிடந்த இடத்தைப் பார்த்தார். வாய்க்கு நேரே தண்ணீர் வெளிறிக் கிடந்தது.

"ஓம். நாலு மாதம்," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். சட்டென்று எழும்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கொஞ்சநேரம் முற்றத்தில் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் படலையைச் சாத்தி வந்துவிட்டேன்.